மலைக்கு ஜீப் போன பிறகு: நம் தெருவை நாமே காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஐந்தரைக்கு முதல் ஜீப். ஏழு மணிக்குள் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கும். கணவன், மனைவி இரண்டு பேருமே கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்தின் இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம். ஆள் வீடு திரும்பச் சாயங்காலம் ஐந்தாகிவிடும். தேனி மாவட்டத்தில் கூடலூர், கம்பம், போடி எங்கே பார்த்தாலும் இதே கதைதான். திருட்டு என்றதும் ராத்திரி ரோந்துக்குக் கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நம் ஊர்களில் வீடு காலியாகக் கிடப்பது பகலில்.

தெரு முக்கில் மாவு மில் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவிலும், பிறகு கேட்டு வந்த மூன்று தெருக்களிலும் இந்த வேலையைக் கூட இருந்து செய்த அனுபவத்தில் எழுதுகிறேன். இதில் வரிசைதான் முக்கியம். எடுத்த எடுப்பில் கேமரா வாங்கிய தெருக்கள் தடுமாறின. நோட்டில் தொடங்கிய தெருக்களில் வேலை இன்னும் நடக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்று. பகல் முழுக்கத் தெருவில் இருக்கும் ஆட்கள் ஐந்து பேர். உங்கள் பகுதிக்கு எந்தக் காவல் நிலையம், அங்கே ரோந்து வரும் பீட் போலீஸ்காரர் யார் என்ற விவரம். எல்லோரும் உட்கார ஒரு பொது இடம். கோயில் வாசல் போதும்.

காசு வசூலிக்காதீர்கள். முதல் மாதத்தில் வசூல் தொடங்கினால் பேச்செல்லாம் கணக்கைப் பற்றியே போகும். முதல் ஐந்து படிகளுக்கு நோட்டு வாங்கும் செலவைத் தவிரப் பொதுச் செலவு எதுவும் தேவையில்லை.

2. வீடு காலியாக இருக்கும் நேரத்தை எழுதுங்கள்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், எப்போது திறக்கிறார்கள், இடையில் யாராவது வருவார்களா, அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்ய வேண்டும். இவ்வளவே.

எழுதி முடித்ததும் தெருவின் முகம் மாறித் தெரியும். எங்கள் நோட்டில் காலை பத்து முதல் மதியம் ஒன்றரை வரை மேற்குச் சந்தில் வரிசையாக ஒன்பது வீடுகளில் ஆளே இல்லை என்று தெரிந்தது. அந்தச் சந்தின் கடைசியில் ஓடைக்கரை; அங்கிருந்து தோட்டங்களுக்குள் இறங்கிப் போய்விடலாம். எதிலெதிலோ கவனம் வைத்திருந்த நாங்கள் இதைக் கவனிக்கவே இல்லை.

நாளுக்கு ஒரு பட்டியல் போதாது, பருவத்துக்கும் எழுதுங்கள். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் பள்ளிக்கூடம் முடித்த வயதுப் பெண்கள்கூட மலைக்குப் போய்விடுவார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவின்போது குடும்பத்தோடு ராத்திரி முழுக்க வீட்டில் இருக்க மாட்டார்கள். ராத்திரிக் காவலுக்கு உண்மையிலேயே தேவை வருவது அந்த எட்டு நாளில்தான்.

பெரும்பாலும் நடக்கும் தவறு: இந்தப் பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. எந்த வீடு எப்போது காலி என்று திருடனுக்கு நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். நோட்டு ஒருவர் கையில், ஒரு வீட்டில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

3. பகலில் இருப்பவர்களைச் சேருங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் இளவட்டங்களைத் திரட்டுவார்கள். ஆளுக்கொரு டார்ச், ஒரு கம்பு. இரண்டு வாரம் நடக்கும். பிறகு அவர்களும் வேலைக்குப் போக வேண்டும், தூங்க வேண்டும். நமக்கு வேண்டியது வேறு ஆட்கள்: திண்ணையில் உட்காரும் கிழவிகள், பெட்டிக்கடைக்காரர், அங்கன்வாடி ஆயா, வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருப்பவர், ஆடு மேய்த்துவிட்டு மதியம் திரும்புகிறவர்.

எங்கள் தெருவில் எழுபது வயது தாண்டிய அப்பத்தா ஒருத்தர் இருக்கிறார். பகல் முழுக்கப் புளி தட்டிக்கொண்டு திண்ணையில் இருப்பார். முதல் கூட்டத்தில் அவரை யாரும் கூப்பிடவில்லை. பிறகு நான் போய்ப் பேசியபோது சொன்னார்: "ஏம்மா, சிலிண்டர் போடுற தம்பி செவ்வாக்கிழமைதானே வருவான்? போன வாரம் ஒருத்தன் வியாழக்கிழமை வந்து கேஸ் அடுப்பு செக் பண்ணணும்னான். வண்டியில சிலிண்டரே இல்ல. எங்கிட்ட யாரு கேட்டீங்க?"

பாருங்கள், அவருக்குத் தெருவின் நடைமுறை மனப்பாடம். அது பிசகும்போது அவர் கண்ணில் படுகிறது. இப்படிப்பட்ட ஐந்து பேரின் திண்ணைகளைச் சேர்த்தால் தெருவின் இரண்டு முனையும் நடுச்சந்தும் அடங்கிவிட வேண்டும். அடங்காத இடம் எது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கேமரா தேவைப்பட்டால் பின்னால் அங்கேதான் போகும்.

அவர்களிடம் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: வழக்கத்துக்கு மாறாக எதையாவது பார்த்தால் நோட்டு வைத்திருப்பவருக்குப் போன். துரத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. வயதானவர்களுக்கு ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை. பட்டன் போனில் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் அழைப்பு போகும்படி நீங்களே பதிந்து கொடுங்கள்.

4. காவல் நிலையத்துக்கு மூன்று பேராகப் போங்கள்

முப்பது பேராகப் போனால் அது முற்றுகை மாதிரி ஆகிவிடும். ஒரு பெண் உட்பட மூன்று பேர், எழுதிய மனுவோடு, காலை ரோல்கால் பரபரப்பு அடங்கிய பிறகு போங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்.

ஒன்று, பீட் போலீஸ்காரரின் போன் எண். இரண்டு, தெருவில் ஒரு பட்டா புத்தகம். ரோந்து வருகிறவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் புத்தகம் அது. அதை எந்த வீட்டில் வைப்பது என்று நீங்களே இடம் சொல்லுங்கள். நோட்டில் கண்டுபிடித்த காலியான சந்துக்குள் வைக்கச் சொல்வது நல்லது. பெரிய வீட்டு வாசலில் வைத்தால் ரோந்து மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். மூன்று, ஊருக்குப் போகும் குடும்பங்கள் முன்கூட்டி நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. காவல் துறையே மக்களிடம் அடிக்கடி இப்படிச் சொல்லச் சொல்கிறது. ஆனால் ஜனங்கள் சொல்வதில்லை.

மனுவில் கோரிக்கையை மட்டும் எழுதாமல், பகலில் எந்த நேரம் எந்தச் சந்து காலி என்பதையும் எழுதுங்கள். "ரோந்து வேண்டும்" என்றால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. "பத்து மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவில் மேற்குச் சந்து" என்றால் வண்டியைத் திருப்பிவிட்டுப் போவார்கள்.

அடையாள அட்டை, போலீஸ் சட்டை மாதிரி கோட்டு, கழுத்தில் விசில் என்று ஆரம்பிக்காதீர்கள். சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் தமிழக அரசு, போலீஸுக்கு உதவும் தன்னார்வலர்களின் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பையே தடை செய்தது. நாம் குடியிருப்பவர்கள், அந்த அடையாளத்தோடு நின்றால் போதும்.

5. பூட்டும் பழக்கத்தை மாற்றுங்கள்

வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டிய படி இது. நேரம் பிடிக்கும், ஆனால் அதிகப் பலன் தருவதும் இதுதான்.

சாவி. கதவு நிலைக்கு மேல், மாடக்குழி, மிதியடிக்கு அடி, குளியலறை ஓட்டுச் சந்து. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்காக வைப்பது. ஒரு தெருவில் பதினெட்டு வீடுகளில் சாவி எங்கே இருக்கும் என்று ஒரு பையனிடம் விளையாட்டாகக் கேட்டேன். பதினாலு வீட்டுக்குச் சரியாகச் சொன்னான். பிள்ளைக்குச் சாவியைக் கயிற்றில் கட்டிக் கொடுங்கள். முடியாவிட்டால் திண்ணைக் கிழவியிடம் கொடுங்கள்.

பூட்டு. வெளியே தொங்கும் பெரிய பித்தளைப் பூட்டு வீட்டில் ஆள் இல்லை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடும். கதவுக்குள்ளேயே பொருத்தும் பூட்டு போட்டால் உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. முடியாதவர்கள் கொண்டியையாவது பாருங்கள். பூட்டை உடைப்பதைவிடக் கொண்டியை நெம்புவது எளிது. அரை அங்குல ஆணியில் நிற்கும் கொண்டிக்கு ஐந்நூறு ரூபாய் பூட்டுப் போட்டுப் பயனில்லை. மரத்தைத் துளைத்து உள்பக்கம் நட்டுப் போட்டு முடுக்குங்கள்.

பின்கதவு. முன்கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்துக்கு ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். ஓடைப் பக்கம் வீடு இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். குறுக்குக் கட்டை ஒன்று போதும்.

விளக்கு. ஆள் இருப்பதுபோல் தெரியட்டும் என்று வாசல் பல்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கும் அது எரிந்தால் யாரும் இல்லை என்றுதான் அர்த்தம். இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் அணையும் சென்சார் பல்பு போடுங்கள்.

நகை. அரிசிப் பானை, சேலை மடிப்பு, சாமி படத்துக்குப் பின்னால் என்று எல்லோரும் ஒரே இடங்களில்தான் வைக்கிறோம். ஒவ்வொரு நகையையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, ரசீதோடு சேர்த்து வேறு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். பொருள் மீட்கப்பட்டால் இது உங்களுடையது என்று காட்ட அதுதான் உதவும்.

வண்டி, போன், மோட்டார். பைக்கின் என்ஜின் எண், சேசிஸ் எண், போனில் *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.ஈ.ஐ. எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஜீப் ஸ்டாண்டில் காலையில் நிறுத்தி மாலை வரை கிடக்கும் பைக்குக்குச் சக்கரப் பூட்டு கட்டாயம். தோட்டத்து மோட்டார் ஒயர் செம்புக்காக அறுத்துப் போகப்படுகிறது. ஒயரின் மேல் மூன்று அடிக்கு ஒரு இடத்தில் உங்கள் பெயரின் முதல் எழுத்தைப் பெயின்டில் எழுதுங்கள். அடையாளம் உள்ள ஒயரை வாங்கப் பழைய இரும்புக் கடைக்காரரும் யோசிப்பார்.

6. தகவல் சொல்லப் பழகுங்கள்

"ஒருத்தன் சந்தேகமா சுத்துறான், சீக்கிரம் வாங்க" என்றால் எதிரே இருப்பவருக்கு எதுவும் புரியாது. வரிசை இது: எந்த இடம், என்ன நடக்கிறது, எத்தனை பேர், வண்டி நிறமும் எண்ணும், எந்தத் திசையில் போனார்கள்.

எல்லைக்காரர்களுக்கு இதில் இரண்டு விஷயம் கூடுதல். லோயர் கேம்ப், மெட்டுப் பக்கமெல்லாம் போன் கேரள டவரைப் பிடிக்கும். அப்போது 112 அழைப்பு கேரளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம். ஆகவே வாயைத் திறந்ததும் "தமிழ்நாடு, தேனி மாவட்டம்" என்று சொல்லுங்கள், பிறகு ஊர். திசையைச் சொல்லும்போது "மெட்டுப் பக்கம்" அல்லது "தேனிப் பக்கம்" என்று சொல்லுங்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்றிலும் சோதனைச் சாவடி இருக்கிறது. திசை தெரிந்தால் அங்கே சொல்லி நிறுத்த முடியும். மெட்டு தாண்டிவிட்டால் அடுத்த மாநிலப் போலீஸிடம் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

வண்டி எண் முழுதும் கிடைக்காவிட்டால் கடைசி நான்கு இலக்கம் போதும். டி.என். 60, கே.எல். 06 என்ற முன்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். இங்கே பாதி வண்டிகள் அப்படித்தான் இருக்கும்.

மாதம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். தெரியாத ஒரு உறவுக்காரரைத் தெருவில் ஒரு தடவை நடக்கவிட்டுப் பிறகு ஐந்து பேரிடமும் கேளுங்கள். முதல் ஒத்திகையில் எங்களில் மூன்று பேர் சட்டை நிறத்தையே மாற்றிச் சொன்னோம். செருப்பு, நடை, கையில் இருந்த பை இதையெல்லாம் பார்க்கப் பழகுவதற்கு இரண்டு மாதம் ஆனது. உடையை மாற்றிக்கொள்வார்கள், செருப்பை மாற்றுவது குறைவு.

7. ஆளைப் பார்க்காதீர்கள், செய்வதைப் பாருங்கள்

இந்தப் படியில் தவறினால் ஒரு உயிரே போகலாம்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் கம்பம் வழியாக ஓயாமல் வரும். தெரு முழுக்கத் தெரியாத முகம்தான். ஏலத்தோட்ட வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள்; மலையிலிருந்து இறங்கும் ஆதிவாசிகள் இருக்கிறார்கள். "வெளியாள்" என்பதைக் குற்றத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டால் தினமும் நூறு பேரைச் சந்தேகப்பட வேண்டும். பூட்டிய வீட்டின் கொண்டியைத் தொட்டுப் பார்ப்பது, ஒரே சந்தில் மூன்று முறை திரும்புவது, பொய்யான காரணம் சொல்லிக் கதவைத் தட்டுவது, இவைதான் குறிக்க வேண்டியவை.

2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில் அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு ஆதிவாசி இளைஞரைக் கட்டி வைத்து அடித்தே கொன்றார்கள். 2023 ஏப்ரலில் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 13 பேருக்கு ஏழு ஆண்டு கடுங்காவல். அதே 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடப் போன ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அடித்துக் கொன்றார்கள். அவர் செய்தது குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. இந்த இரண்டையும் முதல் கூட்டத்திலேயே நான் சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு யாராவது "இருந்தாலும் ரெண்டு தட்டு தட்டாம எப்படி" என்றால் அவரைக் குழுவில் சேர்ப்பதில்லை.

கண்ணெதிரே திருடுகிறவரைப் பிடித்துவிட்டால்? கடுமையான குற்றத்தைக் கண்முன்னே செய்கிறவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், கை வைக்காதீர்கள், வீடியோ எடுத்துப் பரப்பாதீர்கள். பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஓடுகிறவன் கையில் அரிவாள் இருக்கலாம்.

8. வாட்ஸ்அப் குழு

மூன்றே விதி. யாருடைய முகப் படமும் போடக் கூடாது. வேறு எங்கிருந்தோ வந்த செய்தியைப் பார்வர்டு செய்யக் கூடாது. ஊருக்குப் போகிறேன் என்று அங்கே சொல்லக் கூடாது. குட் மார்னிங் படங்களையும் தடுத்துவிடுங்கள். நாளுக்கு நாற்பது படம் வந்தால் எல்லோரும் குழுவைச் சத்தம் வராதபடி மியூட் செய்துவிடுவார்கள். அவசரத்துக்குக் குழு உதவாது. அதற்குப் போன்தான்.

9. இப்போது கேமரா

எங்கள் தெருவில் முதலில் இதைத்தான் செய்தோம். நன்கொடை திரட்டி நான்கு கேமரா வாங்கிக் கோயில் வாசலைப் பார்த்து வைத்தோம். இரண்டாவது மாதம் மேற்குச் சந்தில் ஒரு வீட்டில் ஆறு பவுன் போனது. பதிவைத் திறந்தால் கோயிலும் நாய்களும்தான் தெரிந்தன. சந்திலிருந்து ஒரு பைக் வெளியேறும் காட்சி மட்டும் ஓரத்தில் இருந்தது. அதில் நேரம் ஐந்து மணி நேரம் தப்பாக ஓடியிருந்தது. மாட்டிக் கொடுத்த கடைக்காரர் கடிகாரத்தைச் சரி செய்யவே இல்லை. நகையைப் பறிகொடுத்த அந்தப் பெண் மில் வாசலில் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை. மகள் காதுகுத்துக்குச் சேர்த்தது.

ஆகவே கேமரா வைக்கும் இடத்தை நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: திண்ணைக்கண் படாத இடம், வெளியேறும் வழி. ஒரு கேமராவை எண் பலகைக்கென்றே எட்டுப் பத்தடி உயரத்தில், வண்டி வேகம் குறையும் திருப்பத்தில் வையுங்கள். மாடி உயரத்தில் வைத்தால் தலை முடிதான் தெரியும். ஹெட்லைட் நேராக விழுந்தால் எண் வெளுத்துவிடும். சற்றுச் சாய்த்து வையுங்கள்.

இரண்டு மெகாபிக்சல் கேமரா நான்கும் ஒரு டி.பி. ஹார்டுடிஸ்கும் இருந்தால் பதிவு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம்வரை தங்கும். பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். எனவே சம்பவம் தெரிந்த அன்றே பதிவைத் தனியே எடுத்து வையுங்கள். மின்சாரம் போனால் நிற்காமல் இருக்கச் சின்ன யு.பி.எஸ். வேண்டும். மாதம் முதல் தேதி கடிகாரத்தையும் லென்ஸில் சிலந்தி வலையையும் பாருங்கள். பதிவைப் போலீஸ் கேட்டால் கொடுத்தவர் விவரத்தோடு ஒரு சான்றிதழும் கேட்பார்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்துக்கு அது தேவை. கையெழுத்துப் போடப் பயப்பட வேண்டாம். கேமரா அடுத்தவர் வீட்டு வாசலுக்குள்ளோ குளியலறைப் பக்கமோ பார்க்கக் கூடாது. அதை மாட்டும் அன்றே அந்த வீட்டுப் பெண்களை அழைத்துத் திரையில் காட்டிவிடுங்கள்.

10. நடந்துவிட்டால்

உள்ளே போகாதீர்கள். பீரோவைத் திறந்து பார்க்கவும் வேண்டாம், சிதறியதை அடுக்கவும் வேண்டாம். ஊரே வந்து மிதித்த வீட்டில் கைரேகையும் கிடைக்காது, மோப்ப நாயும் குழம்பும். வாசலில் ஒருவரை நிறுத்திவிட்டு 112க்குச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு எல்லைக்காரர்களுக்குப் பெரிய உதவி. குற்றம் எந்த நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பூஜ்ய எண்ணில் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். வண்டன்மேட்டில் போன பைக்குக்குக் கம்பத்திலேயே புகார் கொடுக்கலாம். "அது கேரளா, அங்கே போ" என்றால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் அது வழக்குப் பதிவு ஆகாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால் காவல் நிலையத்துக்கு நடப்பதற்கு முன் 1930க்குப் போன் செய்யுங்கள். அடுத்த கணக்குக்குப் பணம் தாவும் முன் நிறுத்த முடிந்தால் உண்டு. பள்ளிக்கூட முக்கில் கஞ்சா விற்கிறார்கள் என்றால் நேரே போய் வாக்குவாதம் செய்யாதீர்கள், 10581க்குச் சொல்லுங்கள்.

11. மூன்றாவது மாதம்

திருட்டு எதுவும் நடக்காவிட்டால் ஆர்வம் வடியும். எங்கள் வேலையும் மூன்றாவது மாதம் நின்றுபோகும் நிலைக்கு வந்தது. மாதம் ஒரு ஞாயிறு, சாயங்காலம், இருபது நிமிடம் கூடுங்கள். ஞாயிறுதான் தோட்டத்து ஆட்கள் தெருவில் இருப்பார்கள். நோட்டில் புதிதாக வந்த வாடகைக் குடும்பத்தைச் சேர்ப்பது, எரியாத தெருவிளக்குக் கம்ப எண்ணைப் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ எழுதிக் கொடுப்பது, பட்டா புத்தகத்தில் எத்தனை கையெழுத்து விழுந்தது என்று எண்ணுவது. கையெழுத்து குறைந்தால் மறுபடியும் மூன்று பேராக நிலையத்துக்குப் போங்கள்.

நோட்டு வைத்திருப்பவர் ஊருக்குப் போனால் யாரிடம் கொடுப்பது என்பதை அவர் கிளம்பும் முன் முடிவு செய்யுங்கள். நான் ஊரில் இல்லாத நாளில் எங்கள் நோட்டு அப்பத்தாவிடம் போகும். அவருக்கு எழுதத் தெரியாது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி எழுதுவாள். போன முறை திரும்பி வந்து பார்த்தபோது ஒரு வரி இருந்தது: "வியாழன், 11.20. அடுப்பு செக் பண்றவன் மறுபடி வந்தான். அப்பத்தா போலீஸுக்குப் போன் பண்ணிருச்சு. நீல செருப்பு."